டவரில் வீட்டுக்காரி

கண்ணாடிக் கடையின் பின்பக்க அறையில் லென்ஸ் தேய்க்கிறவனுக்கு 'கேப்டன்' என்று பெயர் வைத்தவர், முன்னால் பில் போடுகிற அண்ணன். சாப்பிடும்போதுகூடப் போனில் விமானம் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தால் வேறு என்ன பெயர் வைப்பார்கள். கேலிதான் என்றாலும் அவனுக்கு உள்ளூர இனித்தது. வீட்டுக் கணினியில் அவன் ஓட்டாத விமானம் இல்லை. மூடுபனியில் இறக்குவான், ஒரு என்ஜின் நின்றுபோனாலும் இறக்குவான். என்ன, அந்த வானத்தில் அவனைத் தவிர ஈ காக்கை கிடையாது.

இணையத்தில் இன்னொரு வானம் இருந்தது. அங்கே ஒவ்வொரு விமானத்துக்குப் பின்னாலும் எங்கோ ஒரு வீட்டில் ஒரு ஆள். டவரிலும் நிஜ மனிதர்கள். அவர்கள் குரல் கொடுத்தால்தான் கிளம்பலாம், இறங்கலாம். அந்த வானத்தில் 'மின்மினி டூ செவன்' என்று தன் விமானத்தின் பெயரைக் கேட்டதும் நாலு பேர் 'அட, அவரா' என்று சொல்ல வேண்டும். கேப்டனின் ஆசை அவ்வளவுதான். ஹெட்செட் வாங்கினான். பேசும்போது அழுத்துகிற பட்டனை விரலுக்கு வாகாக வைத்தான். நுழைவுத் தேர்வு எழுதித் தேறினான். பிறகு மாதக்கணக்கில் வாயைத் திறக்காமல் அடுத்தவர் பேசுவதை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தான். பட்டனில் விரல் வைத்ததுமே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"நீ கொஞ்சம் டவரா இரேன், நான் பேசிப் பழகிக்கிறேன்" என்று ஒருநாள் மனைவியிடம் கேட்டான்.

அவள் பல் ஆஸ்பத்திரியில் மைக் பிடித்து டோக்கன் எண் கூப்பிடுகிறவள். துவைத்த துணியை மடித்தபடியே, அவன் நீட்டிய தாளைப் பார்த்து வாசித்தாள். அந்தக் குரலில் ஏற்றமில்லை, இறக்கமில்லை. பலகைமேல் வைத்த தம்ளர் தண்ணீர்போல் நின்றது. அவன் பதிலுக்கு அரை நிமிடம் உளறினான்.

"எதுக்கு இவ்ளோ விளக்கம்? நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லணும், அதானே. பல்லே இல்லாத தாத்தா எல்லாம் எங்ககிட்ட டோக்கன் நம்பரைத் தெளிவா திருப்பிச் சொல்றாரு."

"அவருக்குப் பின்னாடி பிளேன் வராதுல்ல."

"பல்வலிக்காரங்க வர்றாங்க. அதைவிட மோசம்."

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள். பிறகு அவனோடு உட்கார்ந்து ஒட்டுக்கேட்டாள். பிறகு, "இதுக்கு ட்ரெயினிங் தராங்களாமே" என்றாள். அவன் சிரித்தான். கொஞ்ச வாரத்தில் அவள் பயிற்சியில் சேர்ந்து டவரில் பேசவே ஆரம்பித்துவிட, அந்தச் சிரிப்பு அவன் முகத்திலேயே புளித்துப்போனது. இரண்டு மைக்கும் ஒரே அறையில் இருந்தால் எதிரொலிக்கும் என்று அவள் மடிக்கணினியோடு படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இந்தப் பக்கம் அவன் வெறும் காதாக உட்கார்ந்திருந்தான்.

அந்த வானத்தில் ஒரு விமானி இருந்தான். முகம் தெரியாது, ஊர் தெரியாது. 'தேன்குரல்' என்று இவனே பெயர் வைத்திருந்தான். "மேடம் டவர்ல இருந்தா கண்ணை மூடிட்டு இறங்கலாம்" என்று ஒருமுறை தேன்குரல் சொன்னான். அவள் சிரித்தாள். சின்னச் சிரிப்புதான். ஹெட்செட் வழியாக வந்ததால் நேரே மூளைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. என் நகைச்சுவைக்கு இவள் கடைசியாக எப்போது சிரித்தாள் என்று அன்று முழுக்க யோசித்தான். இரண்டு லென்ஸைத் தப்பாக வேறு தேய்த்துவைத்தான்.

"கேப்டன், வீட்லயே ஏர்போர்ட் வந்துருச்சாமே. இன்னும் ரன்வேலயே நிக்கிறீங்களா?" என்றார் பில் அண்ணன்.

அடுத்த ஞாயிறு மதியம் அவளுக்குத் தேர்வு. டவரைத் தனியாக நடத்திக்காட்ட வேண்டும், தேர்வாளர் ஒருவர் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பார். தேறிவிட்டால் அந்த வானத்தில் அவளுக்கென்று ஒரு இடம். அதே மதியம் தானும் பறப்பது என்று கேப்டன் முடிவெடுத்தான். அவளுக்கு முன்னால் தானும் ஒரு ஆள் என்று காட்டிவிட வேண்டும்.

நம்பினால் நம்புங்கள், பேச்சு வந்தது. கிளம்பும்போது பிசிறில்லாமல் திருப்பிச் சொன்னான். அவளும் எல்லோரையும்போலத்தான் அவனையும் கூப்பிட்டாள். ஒரு 'என்னங்க'கூடக் கிடையாது. ஒரு சுற்றுச் சுற்றி இறங்க வந்தான். அவனுக்கு முன்னால் இறங்கிய தேன்குரல், ஓடுபாதையில் மாப்பிள்ளை ஊர்வலம்போல ஊர்ந்துகொண்டிருந்தான்.

"மின்மினி டூ செவன், கோ அரவுண்ட்" என்றாள் அவள். இறங்காதே, மேலே ஏறிச் சுற்றி வா என்று அர்த்தம்.

அந்தத் தேன்குரலைச் சீக்கிரம் நகரச் சொல்லக் கூடாதா. அவனுக்கு மட்டும் ஒரு கரிசனம், கட்டினவன் சுற்றி வர வேண்டுமா. விரல் பட்டனைத் தொட்டது, அழுத்தவில்லை. புதுசாக வருகிறவர்கள் பதற்றத்தில் ஊமையாகிவிடுவது அங்கே சகஜம். பதில் வராமல் அவள் தடுமாறட்டும், தேர்வாளர் கேட்கட்டும். யாருக்கும் தெரியப்போவதில்லை.

"மின்மினி டூ செவன், கோ அரவுண்ட்." அதே குரல். சற்றும் ஏறவில்லை.

அவன் இறங்கிக்கொண்டே இருந்தான். ஓடுபாதையின் வெள்ளைக் கோடுகள் பல் இளித்தன.

அவள் தேன்குரலை அடுத்த திருப்பத்திலேயே வெளியேறச் சொன்னாள். பின்னால் இறங்க வந்த இன்னொருவனைத் தள்ளியே சுற்றச் சொன்னாள். பிறகு இவனிடம், "மின்மினி டூ செவன், உங்க ரேடியோ பழுதுன்னு எடுத்துக்கிறேன். நான் பேசறது கேட்டா ஐடென்ட் பட்டனை அழுத்தி மேல ஏறுங்க" என்றாள். அதை அழுத்தினால் அவள் திரையில் அவனுடைய புள்ளி கண்சிமிட்டும். வாயில்லாதவன் தலையாட்டுவதுபோல.

அடம் பிடிக்கவும் அவள் இடம் வைக்கவில்லை. அவன் பட்டனை அழுத்தினான், மேலே ஏறினான். சுற்றி வந்து இறங்கி, விமானத்தை ஓரங்கட்டி நிறுத்தியபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

கதவு திறந்தது. அவள் வாசலில் நின்றாள்.

"பாஸ். ரேடியோ போன பிளேனை யாரும் இவ்ளோ நிதானமா இறக்கினதில்லையாம்." ஹெட்செட்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "மைக் நல்லாத்தானே இருக்கு?"

"ம்."

"இன்னொரு தடவை இப்படிப் பண்ணீங்கன்னா, உங்க பேரைச் சொல்லி நானே புகார் எழுதுவேன்."

"எழுதுவியா?"

"எழுதுவேன்."

எழுதுவாள். மருத்துவரின் மாமனாரையே வரிசையில் நிற்கவைத்தவள். தன் வயிற்றெரிச்சல்கூட அவளுக்குத்தான் மதிப்பெண் வாங்கித் தந்தது என்பதை நினைக்க, அதன்மேலும் அவனுக்கு வயிறு எரிந்தது.

அவள் உள்ளே போனாள். ஹெட்செட்டில் தேன்குரல் கேட்டது. "மேடம், அந்த மின்மினி யாரு, புதுசா? ரேடியோ இல்லாமலே அழகா சுத்தி வந்தாரே."

அவன் ஹெட்செட்டைக் காதோடு அழுத்திக்கொண்டான். சொல், நல்ல பைலட் என்று சொல்.

"எங்க வீட்டுக்காரர்" என்றாள் அவள்.

அவ்வளவுதான், எங்கெங்கோ இருந்த குரல்களெல்லாம் வரவேற்றன. "வாங்க சார், மேடம் வீட்டுக்காரரா." "மேடம் சொல்லவே இல்லையே." இத்தனை வருஷப் பறப்பு அந்த ஒற்றை வார்த்தைக்குள் போய் மடங்கிக்கொண்டது. இனி அந்த வானத்தில் அவன் எத்தனை புயலில் இறக்கினாலும் அதுதான் அவன் பெயர்.

பட்டனை அழுத்தினான். "மின்மினி டூ செவன், மறுபடி கிளம்ப அனுமதி வேணும்."

"அங்கேயே நில்லுங்க" என்றாள் டவர். "உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் கிளம்பறார்."

திரையில், காக்பிட் கண்ணாடிக்கு வெளியே தேன்குரலின் விமானம், விளக்கெல்லாம் எரிய, அவனைத் தாண்டி மெல்லப் போனது.