என் தங்கையும் இரண்டு வெற்றுக் கட்டங்களும்

என் தங்கை ஒரு பொது மருத்துவமனையின் சேர்க்கைப் பிரிவில் முப்பத்துநான்கு வருஷம் நான்கு மாதம் எழுத்தராக இருந்தாள். அங்கே அவளுக்குக் கோட்டம்மா என்று பெயர். பதிவேட்டில் எந்தக் கட்டம் காலியாக இருந்தாலும் அவள் கை தானாகப் போய் அதன் நடுவில் ஒரு சிறு கோடு இழுத்துவிடும்.

அதற்குக் காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், நினைவில்லாமல் கொண்டுவரப்பட்ட ஒரு முதியவரின் ‘உறவினர்’ கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தாள். மறுநாள் யாரோ வேறு மையில் அதில் ஒரு பெயரை எழுதிவிட்டார்கள். அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்த ஆள், முதியவரின் பையையும் வீட்டுச் சாவியையும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டான். மூன்று நாள் விசாரணை நடந்தது. “காலியா விட்டது நீதானே?” என்று ஒவ்வொரு நாளும் அவளைக் கேட்டார்கள். அன்றைக்குப் பிடித்த பழக்கம்.

ஓய்வு பெற்ற இரண்டாம் வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. நாங்கள் இருப்பது ஒரே கட்டடம். நானும் என் மனைவியும் தரைத்தளம், அவள் இரண்டாம் மாடி, நடுவில் முப்பத்தெட்டுப் படிகள். லிஃப்ட் கிடையாது. ஏழு மாதம் அவள் தெருவை ஜன்னல் வழியாகத்தான் பார்த்தாள்.

அப்போதுதான் பழைய சகா ஒருத்தி தொலைபேசியில் ஒரு செய்தி சொன்னாள். மருத்துவமனைகளின் பழைய பதிவேடுகளைப் படமெடுத்து வைத்திருக்கும் ஓர் ஆய்வுக்கூடம், டாக்டர்களின் கிறுக்கலைப் படித்துத் தட்டச்சு செய்ய ஆள் எடுக்கிறது. வீட்டிலிருந்தே செய்யலாம். இணையத்தில் முப்பது வரிச் சோதனை ஒன்று உண்டு. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அனுப்பியாக வேண்டும்.

“அண்ணா, இந்த வேலைக்கு நான் படி இறங்க வேண்டாம்,” என்றாள். அன்றைக்கே மேஜைக் கணினியின் மேல் கிடந்த துணியை எடுத்துத் துவைக்கப் போட்டுவிட்டாள்.

கணினி இருந்தது, இணைப்பு இல்லை. கம்பி இழுக்க இருபது நாள் ஆகும் என்றார்கள். வெள்ளிக்கிழமை நான் கடைக்குப் போய், கணினியில் செருகினால் சிம் கார்டு வழியே இணையம் தரும் யுஎஸ்பி மோடம் ஒன்று வாங்கி வந்தேன். சிம் கார்டு உயிர் பெறச் சனிக்கிழமை மதியம் ஒன்று பத்து ஆனது.

ஒன்று இருபதுக்கு மோடத்தைச் செருகினோம். கணினி உடனே, புதிதாக ஒரு சிடி வந்திருக்கிறது என்று அறிவித்தது.

“விரல் நீளம்கூட இல்லை, இதுக்குள்ள எங்கேண்ணா சிடி?” மோடத்தைப் பிடுங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மறுபடி செருகினாள். மறுபடி சிடி. கையேட்டைப் படித்ததும் விளங்கியது: தன்னை நிறுவிக்கொள்ள வேண்டிய மென்பொருளை அது தனக்குள்ளேயே சுமந்து வருகிறது, முதலில் சிடி போல நடித்து அதைக் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் மோடமாக மாறுகிறது. அவளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. “கைப்பெட்டியோட வேலைக்குச் சேர வந்த மாதிரி இருக்கு,” என்றாள்.

நிறுவி முடிந்ததும் நான்கு கட்டங்கள் கொண்ட ஒரு படிவம் வந்தது. இணைப்பின் பெயர், அழைக்கும் எண், பயனர் பெயர், கடவுச்சொல். முதல் இரண்டுக்கும் கையேட்டில் விவரம் இருந்தது. மற்ற இரண்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவள் தட்டினாள், ‘இணை’ என்பதை அழுத்தினாள். சில நொடிகளில் இணைப்பு மறுக்கப்பட்டது. இப்படியே மூன்று முறை.

இரண்டு ஐந்துக்கு உதவி மையத்தை அழைத்தோம். ஒரு பெண் பேசினாள்.

“பயனர் பெயர், கடவுச்சொல் ரெண்டுலயும் எதுவும் போடலைதானே மேடம்?”

“ஒண்ணும் எழுதலைம்மா.”

“அப்போ சிக்னல்தான். ஜன்னல் பக்கம் கொண்டு போய் வைங்க.”

மேஜையை நகர்த்தினோம். அதாவது நானும் என் மனைவியும் நகர்த்தினோம், தங்கை ஊன்றுகோலை நீட்டித் திசை காட்டினாள். இரும்பு அலமாரி மறைக்குமோ என்று அதையும் ஒன்றரை அடி தள்ளினோம்.

“அண்ணனும் தங்கையும் சேர்ந்தா நூத்திமுப்பது வயசு,” என்றாள் என் மனைவி, மூச்சு வாங்கியபடி. “ஒரு குச்சி உங்களை ஆட்டி வைக்குது.”

“ஆட்டி வைக்குது அண்ணி. ஆனா எதுக்குன்னு தெரியணும்ல?”

நான்காவது, ஐந்தாவது முயற்சிகளும் வீண். மணி மூன்று பத்து. நான் அலமாரியை இன்னும் தள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் மோடத்தின் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முதல்ல பச்சையா மினுக்கிச்சு. இப்ப நீலமா அசையாம நிக்குது. செல்போன் கோபுரத்துக்கு நம்மளை நல்லாத் தெரியுது அண்ணா. தெரிஞ்சும் வேண்டாங்குது. அப்போ இது சிக்னல் இல்லை. நாம சொல்ற ஏதோ ஒண்ணு அதுக்குப் பிடிக்கலை.”

மறுபடி உதவி மையம். இருபது நிமிடம் சங்கீதம் கேட்ட பிறகு ஒரு ஆண் குரல் வந்தது. அவள் நேராகக் கேட்டாள்: “தம்பி, நாங்க அனுப்புறதுல எது உங்களுக்குப் பிடிக்கலை?”

அவன் சிரித்தான். “திரையில இருக்கிறதை ஒவ்வொரு கட்டமா அப்படியே படிங்கம்மா.”

படித்தாள். இரண்டும் சரி. “மூணாவது, கோடு. நாலாவதும் கோடுதான், ஆனா இங்கே புள்ளியாக் காட்டுது.”

“என்ன கோடும்மா?”

“காலிக் கட்டத்துல போடுற கோடு.”

“அதுதான் உங்க பேருன்னு அது நினைக்குதும்மா. அந்தப் பேர்ல எங்ககிட்ட ஆள் இல்லை. அழிச்சிட்டுக் காலியா விடுங்க.”

நானும் பக்கத்திலேயே உட்கார்ந்து எல்லா முயற்சியையும் நோட்டில் நேரத்தோடு குறித்திருக்கிறேன். அந்தக் கோடு என் கண்ணிலும் பட்டது, தப்பாகப் படவில்லை.

அவள் விரல் விசைமேல் நின்றது. “காலியா விட்டா அதுல வேற யாராவது எழுதிட்டா?”

“உங்க வீடு, உங்க கம்ப்யூட்டர். யாரும்மா வந்து எழுதப் போறாங்க?”

அவள் கதவைப் பார்த்தாள். என் மனைவியைப் பார்த்தாள். பிறகு ஒன்றை அழித்தாள், சற்றுப் பொறுத்து இன்னொன்றை அழித்தாள். மூன்று ஐம்பத்திரண்டுக்கு இணைப்பு கிடைத்தது.

சோதனைப் பக்கத்தின் படம் மேலிருந்து கீழாக, பட்டை பட்டையாக இறங்கியது. முழுதும் வருவதற்குள் முதல் நான்கு வரியைப் படித்துவிட்டாள். “இவர் வலதுகைக்காரர் இல்லை. இவருக்கு மத்தியானத்துல தூக்கம் வரும், பாரு, எழுத்து சாயுது,” என்று எங்களுக்கு ஒவ்வொரு டாக்டரையும் அறிமுகம் செய்துகொண்டே தட்டினாள். ஒரு வரியில் மட்டும் ஆறு நிமிடம் நின்றாள். நான்கு நாற்பத்தேழுக்கு அனுப்பினாள். ஐந்து மணி வரை இணைப்பைத் துண்டிக்க விடவில்லை, போனது திரும்பி வந்துவிட்டால் என்ன செய்வது என்று.

செவ்வாய்க்கிழமை காலை பதில் வந்தது. முப்பதில் இருபத்தொன்பது சரி, வேலைக்கு எடுத்துக்கொள்கிறோம், முதல் பதிவேடு இந்த வாரமே வரும் என்று எழுதியிருந்தார்கள். நான் படியேறிப் போனபோது ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள்.

“சம்மதம்னு எழுதுறியா?”

“அது அப்பவே எழுதியாச்சு அண்ணா. இது வேற.” திரும்பாமல் சொன்னாள். “தப்பாப் போன அந்த ஒண்ணு எந்த வரின்னு கேட்டு எழுதுறேன். அவங்க அதை எப்படிப் படிச்சிருக்காங்கன்னு நான் பார்க்கணும்.”