மார்த்தாள் அக்காவின் நீளமான பகல்

காஞ்சிபுரம் பக்கம் மாகறலில் நடவு என்றால் மார்த்தாள் அக்காதான்! பெண்களைத் திரட்டி, யார் எந்த வயலில் இறங்குவது என்று சொல்லி, வேலை முடியும்வரை அதட்டிக்கொண்டே இருப்பார். அப்படிப்பட்டவர் போன ஜூனில் தன்னந்தனியாக லண்டன் போய்ச் சேர்ந்தார். அதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

மகள் ஷீபா அங்கே நர்ஸ். அவளுக்கு முதல் பிரசவம். மருமகன் கப்பலில் வேலை, நடுக்கடலில் இருந்தார். புதன்கிழமை காலை ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்காவுக்கு விசா கிடைத்ததோ திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை விமானத்தை விட்டால் ஷீபா துணையில்லாமல் ஆபரேஷனுக்குப் போகவேண்டியதுதான்.

"உத்திரமேரூர் பஸ்லயே வாந்தி எடுப்ப. எட்டாயிரம் கிலோமீட்டர் நீ போறியாமே?" என்றார் கணவர் சின்னப்பையன்.

"பஸ்ஸ அவன் அப்டி ஓட்றான்யா. நீ மாட்டுக்குத் தண்ணி காட்டு, அது போதும்."

சென்னையிலிருந்து துபாய்க்கு நாலு மணி நேரம். அங்கே விமானம் மாறி லண்டனுக்கு ஏழரை மணி நேரம். அக்காவைப் பயமுறுத்தியது ஒன்றே ஒன்றுதான். "அவ்ளோ நேரம் சும்மா குந்திக்கினே இருக்கணுமா?"

துபாயில், போர்டிங் சீட்டில் போட்டிருந்த கேட்டுக்குப் போய் உட்கார்ந்தார். லண்டனில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற இன்னும் மூன்று அம்மாக்கள் அங்கே இருந்தார்கள். அதில் இரண்டு பேருக்குத் தெலுங்கு மட்டும்தான் தெரியும். நேரம் போய்க்கொண்டே இருந்தது. வேறு யாருமே வரவில்லை.

நடவுக்குப் போன இடத்தில் ஆளே இல்லையென்றால், வேலை வேறு வயலுக்கு மாறிவிட்டது என்று அர்த்தம். அக்கா எழுந்தார். சீருடை போட்டிருந்த ஒரு பெண்ணிடம் சீட்டை நீட்டினார். அவள் பதறிப்போய், தூரத்தில் கடைசியாக இருந்த கேட்டைக் காட்டினாள்.

"எம்மா, எயுந்திருங்க! கேட்டு மாறிப்போச்சி! ரண்டி, ரண்டி! ஓடுங்க!" என்று தெலுங்கையும் கலந்து கூவினார்.

நாலு பேரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். முதலில் போய்ச் சேர்ந்தது அக்கா. கேட்டில் இருந்த பெண் கதவை மூடப் போனாள். "இரும்மா, இன்னும் மூணு பேரு வராங்கோ!" என்று வாசலை மறித்து நின்றுவிட்டார்! கடைசி அம்மா உள்ளே போன பிறகுதான் தானும் ஏறினார்.

விமானம் சூரியன் போகிற பக்கமே பறந்தது. லண்டனில் இறங்கியபோது அக்காவின் கடிகாரத்தில் ராத்திரி பதினொரு மணி தாண்டிவிட்டது. வெளியே பளிச்சென்று வெயில்! நிறைமாத வயிற்றோடு ஷீபா தோழியின் காரில் வந்து காத்திருந்தாள்.

"இன்னாடி இது, பொயுதே சாயல? இந்த ஊர்ல நாள் கூலிக்குப் போனா செத்தோம்!"

ஷீபாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

மறுநாள் காலை, ஆபரேஷன் அறை வாசலில் நர்ஸ் ஏதோ கேட்டாள்.

"கூட யாரு வர்றதுன்னு கேக்கறாங்கம்மா," என்றாள் ஷீபா.

"நானு!" என்று சொல்லிவிட்டு, அவர்கள் கொடுத்த நீல அங்கியைப் புடவைக்கு மேலேயே மாட்டிக்கொண்டு, மகளின் கையைப் பிடித்தபடி உள்ளே நடந்தார் மார்த்தாள் அக்கா.