சொத்தையையும் சொல்லி விற்கும் தெய்வநாயகி

தன் வண்டியில் இருக்கும் கத்திரிக்காய் சொத்தை என்று தானே ஒலிபெருக்கியில் தெருவுக்கே சொல்கிற வியாபாரி எங்காவது உண்டா? எடப்பாடியின் தறித் தெருக்களில் ஒருவர் உண்டு. முதலில் கேட்டபோது, அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று இதை எழுதுகிறவனுக்குத் தெரியவில்லை. பிழைக்கத் தெரியாதவர் என்று நினைத்ததோடு சரி.

அவர் பெயர் தெய்வநாயகி. கணவர் கருப்பண்ணன் வண்டி ஓட்டுவார், இவர் பக்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். சேலம் மார்க்கெட்டில் எடுத்த சரக்கும், பூலாம்பட்டித் தோட்டங்களில் இருந்து வந்த சரக்கும் பின்னால் பெட்டி பெட்டியாக இருக்கும்.

தறித் தெருவில் காய் விற்பது மற்ற தெருக்களில் விற்பது போல இல்லை. வீட்டுக்கு வீடு விசைத்தறி தடதடக்கிறது. வண்டியைப் பார்க்க வெளியே வரவேண்டுமென்றால் தறியை நிறுத்த வேண்டும். நின்ற நேரத்துக்குத் துணி இல்லை, கூலியும் இல்லை. அதனால் அங்கே பெண்கள் காயை முதலில் காதால்தான் பார்க்கிறார்கள். தெய்வநாயகியின் குரலோ தறிச் சத்தத்தைத் தாண்டி சமையலறை வரைக்கும் போகும்.

"வெண்டைக்காய் பிஞ்சா வந்திருக்குது சாமி. கத்திரிக்காய் சொத்தை, பாத்துப் பொறுக்குங்க. பீன்ஸ் வேண்டாம், வெறும் நாரு."

இதுதான் அவருடைய விளம்பரம். பங்குனியில் தக்காளி கொட்டிக் கிடந்தால், இப்போதே தொக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்பார். சித்திரையில் முருங்கைக்காயைக் கிட்டத்தட்டச் சும்மாவே கொடுப்பார். மார்கழியில் அதே முருங்கைக்காயின் விலையைச் சொல்லும்போது குரலில் ஒரு கூச்சம் இருக்கும். ஐப்பசி மழையில் கீரையில் மண் ஏறியிருந்தால், மூன்று தண்ணீரில் அலசச் சொல்வார். தெருவில் அன்றைக்கு என்ன குழம்பு என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் அந்த மைக்தான்.

கருப்பண்ணனுக்கு இதில் தீராத வருத்தம். "எல்லாரும் சரக்க நல்லதுன்னு சொல்லி விப்பாங்க. பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட, பொண்ணுக்கு ஒலை வைக்கக்கூடத் தெரியாதுன்னு சொல்றவளை எங்கயாச்சும் பாத்திருக்கறயா?" என்று டீக்கடையில் கேட்பார். டீக்கடை சிரிக்கும். தெய்வநாயகிக்குக் கோபம் வராது. "ஊட்டுக்குக் கொண்டுபோயித் திட்டறதுக்கு, இங்கயே திட்டிப்போட்டுப் போகட்டுமுங்க," என்பார்.

போன ஆடியில் காற்றும் புழுதியும் சேர்ந்து அடித்தபோது அந்தக் குரல் போய்விட்டது. முதலில் கரகரத்தது, பிறகு காற்று மட்டும் வந்தது. பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் ஆடி முடியும் வரை கிசுகிசுக்கக்கூடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து நூல் கடைக்காரர் ஒருவர், வண்டியை நூல் மூட்டை ஏற்ற மாத வாடகைக்குக் கேட்டார். கருப்பண்ணன் யோசித்தார். ஆடி முடிவதற்குள் வியாபாரம் சரிந்தால் ஆவணி ஒன்றாம் தேதி முதல் வண்டி நூலுக்குப் போகட்டும், நீ வீட்டில் இரு என்றார். தெய்வநாயகியால் பதில் சொல்ல முடியவில்லை. சொல்ல முடிந்திருந்தால், வீட்டில் உட்கார்ந்து நான் யாரிடம் பேசுவது என்று கேட்டிருப்பார்.

வியாபாரத்தைக் காப்பாற்ற கருப்பண்ணனே ஒரு வழியும் செய்தார். செல்போன் கடையில் சொல்லி ஒரு பதிவு வாங்கி வந்தார். ரயில் நிலைய அறிவிப்புப் போல ஒரு பெண் குரல்: இன்று பறித்த பசுமையான காய்கறிகள், முதல் தரம், நியாயமான விலை. விலை தினமும் மாறுவதால் எந்த விலையையும் அதில் சொல்லவில்லை. எல்லாக் காயும் நல்ல காய், எல்லா நாளும் நல்ல நாள்.

தெரு அசையவில்லை. பீன்ஸ் நாரா பிஞ்சா என்று தெரியாமல் யார் தறியை நிறுத்துவார்கள்? பதிவு பாடிக்கொண்டே போனது, தறிகள் ஓடிக்கொண்டே இருந்தன. கொத்தமல்லி பெட்டியிலேயே தலை தொங்கியது. தெய்வநாயகி மைக்கை மடியில் வைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல், அந்தப் பெண் குரலை முறைத்தார்.

இப்படி ஒரு வாரம் போனது. ஒரு நாள் காலையில் காளியாத்தாள் வெளியே வந்தார். அந்தத் தெருவில் நான்கு தறி ஓட்டுகிறவர், வாய்த் துடுக்குக்குப் பேர் போனவர். புது வண்டியோ என்று பார்க்க வந்தவர் தெய்வநாயகியைக் கண்டதும் இடுப்பில் கை வைத்தார். "ஏனக்கா, நீயா? யாரோ டவுன்காரி வந்துட்டான்னு நெனச்சு நாங்க இத்தனை நாளா ரசம் வெச்சே தின்னுட்டிருக்கறோம்."

தெய்வநாயகி தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார். காளியாத்தாள் ஒரு புடலங்காயை எடுத்து நகத்தால் கீறினார், கத்திரிக்காயைப் புரட்டினார், தக்காளியை அமுக்கிப் பார்த்தார். பிறகு யாரையும் கேட்காமல் பதிவை நிறுத்திவிட்டு மைக்கை எடுத்துக்கொண்டார்.

"எல்லாரும் கேளுங்க. நம்ம தெய்வானக்கா வண்டிதான். அக்காளுக்குத் தொண்டை கட்டிப்போச்சு. பொடலங்காய் முத்தல், அடிச்சா மண்டை ஒடையும். கத்திரிக்காயில பாதி சொத்தை. தக்காளி நல்லாருக்குது, நானே ரெண்டு கிலோ எடுத்தாச்சு."

தெய்வநாயகிக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷமாகத் தானே சொல்லி வந்த குறைதான். அடுத்தவர் வாயால் கேட்டபோதுதான் எரிந்தது. மைக்கைப் பிடுங்க எழுந்தார். அதற்குள் பக்கத்து வீட்டில் ஒரு தறி நின்றது. எதிர் வீட்டில் இன்னொன்று. கூடையைத் தூக்கிக்கொண்டு பெண்கள் வந்தார்கள், பாதிச் சொத்தை என்று சொன்ன கத்திரிக்காயில் நல்ல பாதியைப் பொறுக்கி எடுத்தார்கள். கருப்பண்ணனுக்குத் தராசை விட்டு நிமிர நேரமில்லை.

அன்று முதல் தெய்வநாயகி விரலால் பேசினார், தெரு வாயால் பேசியது. சுண்டு விரல் நெளிந்தால் புழு. விரலை ஒடிப்பது போலக் காட்டினால் பிஞ்சு வெண்டை. மூக்கைச் சுளித்தால் நேற்றைய சரக்கு. மைக்கைப் பிடிக்கப் பெண்களுக்குள் போட்டியே வந்தது. ஒருத்தி விலையைச் சொன்ன கையோடு, கொழுந்தியாள் வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கும் செய்தியையும் சேர்த்துச் சொன்னாள். ஆடியில் முகூர்த்தம் கிடையாது. மண்டபங்கள் காய் எடுக்காததால் விலை இறங்கியிருந்தது. அதையும் அவர்களே கூவினார்கள்.

நூல் கடைக்காரர் ஆடிக் கடைசியில் வந்து கேட்டார். வண்டியில் பாரம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு கருப்பண்ணன் வெங்காயத்தை நிறுக்கப் போனார். பதிவு செய்த காசு போச்சே என்று மட்டும் இரண்டு நாள் புலம்பினார்.

ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் தெய்வநாயகிக்குப் பேச அனுமதி கிடைத்தது. காளியாத்தாள் மனமில்லாமல் மைக்கைக் கொடுத்தார். குரல் பழைய குரல் இல்லை, ஓரத்தில் கொஞ்சம் கிழிந்திருந்தது.

"நாந்தான் சாமி. நாளைக்கு முகூர்த்தம், பீன்ஸும் கேரட்டும் மண்டபத்துக்குப் போயிருச்சு, வெலை கையில பிடிக்க முடியாது. அதுக்காகத் தறிய நிறுத்தாதீங்க. பூசணி இருக்குது, நல்ல பூசணி."

முதலில் காளியாத்தாள் வீட்டுத் தறிகள் நின்றன. பிறகு அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. பகல் நேரத்தில் அந்தத் தெரு அவ்வளவு அமைதியாக இருந்து யாரும் பார்த்ததில்லை. பூசணிக்காக மட்டும் அத்தனை பேர் வந்திருக்க மாட்டார்கள்.

இதைப் படித்தவர்கள் காய் வாங்கப் போகும் இடத்தில் இன்னொருவருக்கும் சொல்லுங்கள். சொல்லும்போது அந்தச் சொத்தைக் கத்திரிக்காயை மட்டும் விட்டுவிடாதீர்கள்.