ஐஸ் பெட்டியில் போன கார்டு

என் மருமகள் காட்டூரிலிருந்து வந்தவள். வயலும் வரப்பும் பார்த்து வளர்ந்தவளுக்கு மீன் ஆயத் தெரியாது. அது பெரிய குறையில்லை, நான் ஆய்ந்துவிடுவேன். அவள் வீட்டிலேயே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வீடு கட்டுகிறாள். இன்னும் கட்டாத வீட்டைக் கட்டி முடித்ததுபோலப் படமாகக் காட்டுகிற வேலை, சென்னையில் ஒரு கம்பெனிக்காக. சுனாமிக்குப் பிறகு எங்களுக்குக் கட்டிக்கொடுத்த வீட்டில் ஒரு அறை, ஒரு கூடம். அந்தக் கூடத்தின் மூலையில் உட்கார்ந்துகொண்டு நீச்சல்குளம் வைத்த மாளிகைகளுக்கு மாடிப்படி போடுவாள். நான் பின்னால் நின்று பார்ப்பேன்.

"சமையல் ரூமுக்கு ஜன்னல் பத்தாது. பொகை எங்க போவும்?" என்பேன்.

"அந்த ஊட்ல பொகையே வராது அத்தே."

"பொகை வராத ஊட்ல இன்னாத்த ஆக்கித் துன்றது?"

"அவங்க வெளிய வாங்கித் துன்னுவாங்க. நீங்க போயி கொழம்பப் பாருங்க, அடி புடிக்குது."

இப்படி என்னோடு சரிக்குச் சரி வாயாட எங்கள் தெருவில் வேறு ஆள் கிடையாது.

வெயில் ஏறத் தொடங்கிய மாதத்தில் அவளுடைய மெஷின் பாதி வேலையில் தானாக அணைய ஆரம்பித்தது. உள்ளே புதிதாக வாங்கிப் போட்ட கிராபிக்ஸ் கார்டு சூடாகிறது, அதில்தான் பழுது இருக்க வேண்டும் என்றாள். படத்தின் பாரத்தை எல்லாம் அதுதான் தூக்குகிறதாம். கழற்றிக் காட்டினாள். ஒரு செங்கல் நீளம், இரண்டு சின்னக் காற்றாடி, நல்ல கனம். ஆபீசில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்: கையில் இருக்கிற மாளிகை வேலை முடிவதற்குள் இன்னொரு முறை நின்றால், இங்கே வந்து உட்கார்ந்து செய். ஆபீஸ் சென்னையின் அந்தக் கோடியில் இருக்கிறது. போனால் ஹாஸ்டலில்தான் தங்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீடு. கடலுக்குப் போய்விட்டு வந்த என் மகன் இதைக் கேட்டுப் பாதிச் சோற்றில் கை கழுவினான். எனக்கு ஒன்றுமில்லை, போனால் போகட்டும் என்றேன். சொன்ன கையோடு, கார்டை வாங்கிய சென்னைக் கடையில் திருப்பிக் கொடுக்க நானும் வருகிறேன் என்று புடவையை மாற்றினேன்.

புறப்படும் முன் அவள் குளிக்கப் போனாள். "அத்தே, கார்டு கெட்டுப்போவாம பத்திரமா கட்டி வைங்க" என்றாள்.

ஒரு பொருள் கெட்டுப்போகாமல் சென்னை வரை போக வேண்டுமானால் எங்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கார்டைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, அதை இன்னொரு பைக்குள் போட்டு, வாயை ரப்பரால் இறுக்கினேன். தெர்மோகோல் பெட்டியில் கீழே ஐஸ், நடுவில் கார்டு, மேலே ஐஸ். மூடியைச் சுற்றி டேப். அதுவும் சூடாகிற பொருள். இறாலைவிட அதற்குத்தான் ஐஸ் அவசியம். மருமகள் வந்து பெட்டியைப் பார்த்துவிட்டு, "தெர்மோகோலா? நல்ல யோசனை அத்தே, அடிபடாது" என்று பாராட்டினாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

பொன்னேரியில் கூடைக்காரர்கள் ஏறும் ரயில்பெட்டியில் ஏறினோம். அவள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். மீஞ்சூரில் ஏறிய ஒரு பெண் என் மடியில் இருந்த பெட்டியில் கண் வைத்தாள்.

"இன்னாக்கா, எறாலா?"

"இல்ல. கம்ப்யூட்டர் கார்டு. சென்னையில வாங்கினது. சூடாவுது, திருப்பிக் குடுக்கப் போறோம்."

அவள் பெட்டியின் அடியில் கசிந்த ஈரத்தைத் தொட்டுப் பார்த்தாள். "ஐஸ் வெச்சா?"

"வெக்காம?"

"எம்மா, வாங்கினவங்க எல்லாம் உன்ன மாதிரி ஐஸ் வெச்சுத் திருப்பி எட்தாந்தா, மீன் விக்கிற நாங்க இன்னா ஆவுறது?" என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

கடைக்காரர் டேப்பைக் கிழித்து மூடியைத் தூக்கினார். ஐஸைப் பார்த்தார். பிறகு மருமகளைப் பார்த்தார். மருமகள் என்னைப் பார்த்தாள்.

"கார்டு எங்கம்மா?" என்று என்னைக் கேட்டார்.

"நடுவுல. தோண்டுங்க."

தோண்டி எடுத்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை. என் கட்டு அப்படி.

"கரண்ட்ல ஓடுற பொருள யாராச்சும் ஐஸ்ல வெப்பாங்களா?"

"சூடாவுதுன்னுதானே எட்தாந்தோம். இத்தினி தூரம் அத சூடோடவா தூக்கினு வர்றது?"

அவர் கார்டைப் பிரித்து வெகுநேரம் உலரவைத்தார். பிறகு தம்முடைய மெஷினில் மாட்டி ஓடவிட்டார். திரையின் ஓரத்தில் சூட்டைக் காட்டும் நம்பர் இருக்கிறது. எழுத்து எனக்குத் தடுமாறும், நம்பர் தடுமாறாது. அது அறுபதை விட்டு ஏறவே இல்லை. "கார்டு நல்லாத்தான் இருக்குது" என்றார் கடைக்காரர்.

"ஏசி போட்ட கடையில நானே குளுர்ல நடுங்குறேன், அது எப்பிடி சூடாவும்?" என்றேன்.

மருமகளும் விடவில்லை. கடைசியில் அவர், "உங்க ஊட்ல அது சூடாவுறத வீடியோ எடுத்துனு வாங்க. நம்பர் ஏறுறதும் மெஷின் நிக்கிறதும் ஒண்ணா தெரியணும். சனிக்கிழமைக்குள்ள வந்தா மாத்தித் தர்றேன்" என்றார்.

திரும்பி வரும் ரயிலில் மருமகள் போனில் ஹாஸ்டல் அறைகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

வீடியோ எடுக்கும்போது அவளுக்கு இரண்டு கையும் வேலையில் இருக்கும். போனைப் பிடித்துக்கொண்டு நம்பரைக் கவனிக்க ஓர் ஆள் வேண்டும். எதிர்வீட்டில் இருக்கும் என் நாத்தனார் நான் பிடிக்கிறேன் என்றாள். அடுத்த வீட்டுக்காரி, அதற்கடுத்த வீட்டுக்காரி என்று காலை வியாபாரம் முடித்த பெண்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். யார் பிடிப்பது என்று சண்டை வந்தது. கடலை ஒட்டிய எங்கள் ஏரியில் யார் எந்த இடத்தில் எப்போது வலை போடுவது என்பதற்குச் சீட்டுப் போட்டு முறை வைப்போம். அதற்குப் பாடு என்று பெயர். இதற்கும் பாடு போட்டோம். ஊர்ப் பஞ்சாயத்தைக் கூட்டவில்லை, அது ஒன்றுதான் பாக்கி.

மெஷின் இருந்த மூலையில் இத்தனை பேர் நின்று பார்க்க முடியாது. அதனால் அதன் பின்னால் நான் அடைத்து வைத்திருந்த கோணியையும் பழைய வலையையும் எடுத்துவிட்டு, மெஷினைக் கூடத்தின் நடுவில் இழுத்து வைத்தோம்.

அன்றிலிருந்து அது சூடாகவே இல்லை.

பாடு மாறிக்கொண்டே இருந்தது. நம்பர் மட்டும் மாறவில்லை. நாத்தனாருக்குச் சலித்துவிட்டது.

"இன்னா அண்ணி, உங்க ஊட்டு மெஷினுக்கு நம்மளக் கண்டா பயமா?"

"ஊரு கண்ணு பட்டா நல்லா கீறது கெட்டுப்போவும்னுதான் கேட்டுகீறேன். இங்க கண்ணு பட்டுப் பட்டு கெட்டது நல்லாவுது" என்றேன்.

"பக்கத்துல அடுப்ப மூட்டி வெச்சிட்டா?"

"அது பொய் வீடியோ ஆயிடும்" என்று மருமகள் ஒரே போடாகப் போட்டுவிட்டாள். நல்லபடியாக ஓடுகிற மெஷினைச் சுற்றி நாங்கள் துக்க வீட்டில் உட்கார்ந்ததுபோல உட்கார்ந்திருந்தோம். கூட்டம் கலைந்ததும் கெட்டுப்போகும், சனிக்கிழமை தாண்டியிருக்கும், அவளும் ஹாஸ்டலுக்குப் போயிருப்பாள் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை கூடத்தைக் கழுவ வேண்டியிருந்தது. மெஷினை மறுபடி மூலைக்குத் தள்ளினோம். மருமகள் முன்னால் ஒயரைச் சரிபார்க்க, நான் பின்னால் கோணியையும் வலையையும் பழையபடி இறுக்கமாக அடைத்தேன். மத்தியானம் அவள் வேலையைத் தொடங்கினாள். பாடு நாத்தனாருடையது. கொஞ்ச நேரத்தில் அவள் குரல் உயர்ந்தது.

"எழுவது! அண்ணி, எழுவத்திரெண்டு!"

தெருவே உள்ளே வந்துவிட்டது. நாத்தனார் மீன் ஏலம் கூறுகிறவள். அவள் வாய் சும்மா இருக்காது.

"எழுவத்தஞ்சு! எழுவத்தஞ்சு! மேல யார்னா கேக்குறீங்களா?"

"எண்பது!" என்று வாசலிலிருந்து ஒருத்தி கத்தினாள்.

"வந்துட்ச்சுமே எண்பது! எண்பத்தஞ்சு ஒரு தரம்! எண்பத்தஞ்சு ரெண்டு தரம்..."

மூன்றாம் தரம் சொல்லும்போது மெஷின் அணைந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். மருமகள் எழுந்து என் நாத்தனாரைக் கட்டிக்கொண்டாள். செய்துகொண்டிருந்த மாடிப்படி அழிந்துபோனதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

சனிக்கிழமை கடையில் வீடியோவைப் போட்டுக் காட்டினோம். கடைக்காரர் ஏலச் சத்தம் கேட்டுப் பக்கத்துக் கடைக்காரர்களையும் கூப்பிட்டார். இன்னொரு தடவை போடச் சொன்னார். இரண்டாம் முறை சிரிப்பை நிறுத்திவிட்டுத் திரையில் விரலை வைத்தார்.

"மெஷினுக்குப் பின்னாடி இன்னாம்மா இது?"

"கோணி. வலை."

"எதுக்கு?"

"ஜன்னல் வழியா உப்புக் காத்து வருது. படகு எஞ்சினுக்கும் இப்பிடித்தான் போர்த்துவோம். இல்லாட்டி உப்பு தின்னுடும்."

"சூடு வெளிய போறதே அந்தப் பக்கமாத்தாம்மா. அத அடைச்சிட்டா எந்தக் கார்டப் போட்டாலும் இப்பிடித்தான் நிக்கும். இத நான் மாத்தித் தர முடியாது."

மருமகளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. எனக்கும் சொல்ல இருந்தது. எஞ்சினை நிற்கும்போதுதான் போர்த்துவோம், ஓடும்போது போர்த்தமாட்டோம். அது எனக்குத் தெரியாததல்ல. சத்தமே போடாமல் ஓடுகிற எஞ்சினை இவர்களை யார் செய்யச் சொன்னது? அதை அவரிடமே கேட்டுவிட்டேன். மருமகள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். ரயிலில் மீஞ்சூர் வரும்வரை அவள் தோள் சிரிப்பில் குலுங்கிக்கொண்டிருந்தது.

மூலையில் கோணி இல்லாமல் வைத்தால் உப்புக் காற்று தின்னும், வைத்தால் சூடாகும். உப்புக் காற்று நேரே படாமல், சூடும் தேங்காமல் இருக்கிற இடம் எங்கள் கூடத்தில் ஒன்றுதான், மின்விசிறிக்கு நேர் கீழே, நான் பாய் போடுகிற இடம். அதை அவள் சொல்லத் தயங்கினாள். நானே பாயைச் சுருட்டினேன். வெள்ளிக்கிழமை நின்றது ஆபீசுக்குத் தெரியாது; அதன்பிறகு அந்த மாளிகை ஒரு தடவைகூட நிற்காமல் முடிந்தது. ஆபீசில் வா என்று யாரும் கூப்பிடவில்லை. ஹாஸ்டலுக்குப் போன் போட்டு அறை வேண்டாம் என்று அவள் சொன்னபோது நான் கேட்காததுபோல மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன்.

இப்போது மூலையில் நான் படுக்கிறேன். மத்தியானத்தில் அவள் திரையிலிருந்து திரும்பி, "அத்தே, அங்க ரொம்ப சூடா இருக்குதா?" என்று கேட்பாள்.

"நான் இன்னா ஆஃப் ஆயிட்டா கெடக்குறேன்? வேலையப் பாரு" என்பேன்.