மாமிக்கு ஒரே நாளில் ஆங்கிலம் வந்த கதை

லண்டன் மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை மாமியைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் கால் தரையில் நிற்கவில்லை. அம்மா யன்னல் சீலைகளையெல்லாம் கழற்றித் துவைத்தார். அப்பா முன்கதவுக்கு நீல வர்ணம் பூசினார். காயாத கதவில் கை வைத்து நான் ஏச்சு வாங்கினேன். ஒன்பது வயதுப் பெண்ணுக்கு வேறு என்ன வேண்டும்? கல்யாணம் வந்தால் புதுச் சட்டை வரும், பலகாரம் வரும், பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடலாம். திருகோணமலைத் துறைமுகத்துக்குள் நுழையும் கப்பல்களில் ஒன்றில்தான் மாப்பிள்ளை வந்து இறங்குவார் என்று நம்பி, பின்வளவு மதிலில் ஏறி நின்று ஒவ்வொரு கப்பலாகப் பார்த்தேன்.

மாமி என்றால் அப்பாவின் ஒரே தங்கை. எங்களோடுதான் இருந்தார். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்துக்குக் காலையில் குடையோடு போவார், பின்னேரம் குடையோடு திரும்பி வருவார். அங்கே என்ன வேலை செய்கிறார் என்று நான் கேட்டதேயில்லை. படத்தில் பார்த்த மாப்பிள்ளையை மாமிக்கு மிகவும் பிடித்திருந்தது. வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் கண்ணாடிக்கு முன்னால் நிற்கும் நேரம் கூடிப்போயிருந்தது.

சிக்கல் அண்ணன்மாரிடம் இருந்தது. அப்பாவும் பெரியப்பாவும் ஒரு வருடத்துக்கு மேலாகப் பேசிக்கொள்வதில்லை. அப்பப்பா இறந்த பிறகு அவருடைய படகின் எஞ்சினை அப்பா தன் அண்ணனிடம் கேட்காமல் விற்றுவிட்டார். அது துருப்பிடித்துக் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் கிடந்த சாமான்தான். என்றாலும் பெரியப்பா அன்றோடு எங்கள் வாசலை மிதிக்கவில்லை. கடையில் இருவரும் எதிர்ப்பட்டால் நடுவில் என்னை நிறுத்திக்கொள்வார்கள்.

"உன்ர பெரியப்பாட்டச் சொல்லு, சேட்டில பட்டன் கழண்டு கிடக்கெண்டு" என்பார் அப்பா, கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டு.

"உன்ர கொப்பாட்டச் சொல்லு, எனக்குக் கண் தெரியுமெண்டு" என்பார் பெரியப்பா.

நான் இரண்டையும் ஒரு எழுத்து விடாமல் சொல்வேன். அதில் எனக்குப் பெரிய பெருமை.

மாப்பிள்ளையின் தாயாரோ, இரண்டு அண்ணன்மாரையும் ஒன்றாக இருத்திக் கதைத்துத்தான் முடிவு சொல்வேன் என்று தொலைபேசியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒற்றுமையில்லாத வீட்டில் அவர்கள் பெண் எடுக்க மாட்டார்களாம். அன்று இரவு மாமி சாப்பிடவில்லை.

மறுநாள் விடிந்ததும் அழாத குறையாக அப்பாவிடம் வந்தார். "எனக்கு இங்கிலீஷ் கதைக்க ஏலாது அண்ணா. அவர் அங்க பிறந்து வளர்ந்தவர். ஏதும் கேட்டா என்னெண்டு பதில் சொல்லுறது? சனிக்கிழமை ஒரு நாள் இருந்து பழக்கிவிடுங்கோ."

அப்பாவுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. அவர் நிலாவெளியில் ஒரு கடற்கரை ஹோட்டலில் வெள்ளைக்காரரை வரவேற்கும் வேலையில் இருந்தவர். ஆங்கிலம் தன் சொந்தக் காணி என்ற நினைப்பு அவருக்கு. மாமி இதே பேச்சை, இதே குரலில், பெரியப்பா வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். பெரியப்பா கப்பல்களைத் துறைமுகத்துக்குள் இழுத்து வரும் இழுவைப் படகில் வேலை செய்தார். பல நாட்டுக் கப்பல்காரர்களோடு கதைத்துப் பழகியவர். அப்பா அதைக் கப்பல் இங்கிலீஷ் என்பார். பெரியப்பாவோ அப்பாவுடையதைத் தேத்தண்ணி ஊத்துற இங்கிலீஷ் என்பார்.

சனிக்கிழமை காலை பெரியப்பா வந்தேவிட்டார்! அப்பா இருப்பதைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றார். மாமி அவருடைய கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதிரையில் இருத்தினார். விறாந்தையின் ஒரு மூலையில் அவர், மறு மூலையில் அப்பா, நடுவில் மாமி. இன்று இந்த வீட்டில் ஆங்கிலம் மட்டும்தான், தமிழ் கதைக்கிற ஆள் வெளியே போகலாம் என்று மாமி சட்டம் போட்டார். நான் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

மாமி எழுந்து நின்று தொடங்கினார். "ஐ ஆம் ஹாவிங் டூ பிரதர்ஸ்."

"ராங்!" அப்பா துள்ளினார். "ஐ ஹாவ் டூ பிரதர்ஸ், நோ ப்ராப்ளம்." ஹோட்டலில் அவர் சொல்லும் எதுவும் 'நோ ப்ராப்ளம்' இல்லாமல் முடிவதில்லை.

பெரியப்பா மாமியை மட்டும் பார்த்துச் சொன்னார். "ஹீ இஸ் ராங். ஐ காட் டூ பிரதர்ஸ், கேப்டன்."

மாமி அன்று விட்ட பிழைகள் கொஞ்சநஞ்சமல்ல. அம்மாவை 'ஹீ' என்று ஆணாக்கினார். நாளைக்குக் கோயிலுக்குப் போனேன் என்றார், நேற்று வருவேன் என்றார். ஒவ்வொரு பிழைக்கும் அப்பா ஒரு திருத்தம் சொல்ல, அந்தத் திருத்தத்தைப் பெரியப்பா இன்னொரு தரம் திருத்தினார். மாமி இருவரையும் மாறிமாறிப் பார்த்து, எது சரி என்று அப்பாவியாகக் கேட்டார். எனக்குப் பாவமாக இருந்தது. இந்த மாமிக்கு எப்படிக் கல்யாணம் நடக்கப்போகிறது?

கடைசியில் அப்பா சுவரைப் பார்த்துச் சொன்னார். "டூ பிரதர்ஸ், நோ ப்ராப்ளம். நோ கேப்டன்."

பெரியப்பா கதிரையோடு திரும்பினார். "வாட் நோ ப்ராப்ளம்? டூ பிரதர்ஸ் இஸ் பிக் ப்ராப்ளம்!"

ஒரு வருடத்துக்குப் பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்து அவர் சொன்ன முதல் பேச்சு அது. அப்பா எழுந்துவிட்டார்.

"ஹூ இஸ் ப்ராப்ளம்? மீ? யூ நோ கம் மை ஹவுஸ்! ஒன் இயர் நோ கம்!"

"யூ சோல்ட் மை ஃபாதர் எஞ்சின்!"

"யுவர் ஃபாதர் இஸ் மை ஃபாதர்!"

பெரியப்பா தமிழில் ஏசினால் கேட்கிறவர் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் அவருக்குக் கைவசம் ஒன்றுமில்லை. வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். "யூ... யூ... வெரி பேட் பாய்!" என்றார்.

குசினிக்குள் அம்மாவின் கையிலிருந்து சட்டி மூடி விழுந்து உருண்டது. அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்தேன், சிரித்துக்கொண்டிருந்தார். பெரியப்பா கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார், கண்ணீர் வரும்வரை சிரித்தார். எனக்கு ஒன்றும் விளங்காவிட்டாலும் சந்தோஷம் தாங்காமல் கை தட்டினேன்.

"அண்ணா..." என்று தொடங்கினார் அப்பா.

"இங்கிலீஷ்!" என்று அதட்டினார் மாமி.

அப்பா தொண்டையைச் செருமினார். "சொரி, பிரதர்."

பெரியப்பா தலையை ஆட்டினார். "நோ ப்ராப்ளம்."

மத்தியானச் சாப்பாடும் ஆங்கிலத்தில்தான் நடந்தது. மீன் குழம்பையும் ஆங்கிலத்தில் கேட்டுத்தான் பெரியப்பா மூன்றாம் தரம் ஊற்றிக்கொண்டார்.

பின்னேரம் அப்பாவும் பெரியப்பாவும் தேத்தண்ணிக் கோப்பைகளோடு வாசற்படியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். உள்ளே மாமியின் போன் அடித்தது. மாப்பிள்ளைதான். மாமி கதைக்கத் தொடங்கினார். ஆங்கிலம் மடை திறந்ததுபோல் கொட்டியது. ஓரிடத்திலும் தடுமாறவில்லை, ஒரு சொல்லுக்கு யோசிக்கவில்லை. நடுவில் ஏதோ பகிடி வேறு விட்டு, மறுமுனையில் இருந்தவர் சிரிப்பது எங்களுக்கும் கேட்டது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

பெரியப்பா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தார்.

"நல்லாத்தான் பழக்கிப்போட்டம், என்ன தம்பி?"

"ஓம் அண்ணா" என்றார் அப்பா.

மறுநாள் வந்தவர்களுக்கு முன்னால் இருவரும் ஒரே மர வாங்கில் தோளோடு தோள் இருந்தார்கள். ஒருவர் தொடங்கிய பேச்சை மற்றவர் முடித்தார். மாப்பிள்ளையின் தாயார் மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு நாள் பார்க்கச் சொன்னார். வீடு முழுக்கச் சிரிப்பு. அம்மா மட்டும் குசினிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

வந்தவர்கள் புறப்பட்டதுதான் தாமதம், நான் அப்பாவின் ஒரு கையையும் பெரியப்பாவின் ஒரு கையையும் பிடித்துக்கொண்டேன். வகுப்பில் எனக்கு ஆங்கிலத்தில்தான் புள்ளி ஆகக் குறைவு. மாமிக்குப் பழக்கியதுபோல் எனக்கும் ஒரே நாளில் பழக்கிவிடச் சொல்லிக் கெஞ்சினேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள், மாமியைப் பார்த்தார்கள், பிறகு மூவருமாகச் சேர்ந்து சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் புதுச் சட்டையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இவ்வளவு திறமையை வைத்துக்கொண்டு எனக்கு மட்டும் சொல்லித்தர மாட்டேன் என்கிறார்களே என்று அன்று அழுதபடியே தூங்கிப்போனேன்.