யார் அமுக்கியது என்று கேட்காத ஜெசிந்தா

செய்தி வந்தபோது நான் அவருக்காகத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். என் மேசையில் எப்போதும் ஒரு தாள் இருக்கும். 'ஜெசிந்தா வரும்போது' என்பது அதன் தலைப்பு. அலுவலகக் கணினியில் அவ்வப்போது தோன்றும் கோளாறுகளை எண் போட்டு அதில் குறித்து வைப்பேன். அன்று மூன்றாம் எண்ணில், தேதியில் நாளும் மாதமும் இடம் மாறி விழுகின்றன என்று எழுதிக்கொண்டிருந்தேன். இசக்கிமுத்து செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்து நின்றார். கையில் செல்பேசி.

"அண்ணாச்சி, ஜெசிந்தாக்கா போயிட்டாக. வேம்பார்லருந்து சொல்லுதாக" என்றார்.

நான் வாக்கியத்தை முடித்து, முற்றுப்புள்ளி வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

துறைமுகச் சாலை அலுவலகங்களில் ஜெசிந்தாவை அறியாதவர்கள் குறைவு. கையில் குடையும் தோளில் நீலப் பையுமாக வேம்பார் பஸ்ஸிலிருந்து இறங்கி அவர் நடந்து வந்தால், யாருடைய அலுவலகத்திலோ கணினி படுத்துவிட்டது என்று தெருவுக்கே தெரிந்துவிடும். அவரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுந்தவர்கள், இதை வாசிக்கும் இந்தச் சாலைக்காரர்களான உங்களில் பலர் இருக்கிறீர்கள். நான் ஏற்றுமதி முகவர் ஒருவரிடம் ஆவணம் தயாரிக்கும் எழுத்தர். ஓய்வு பெறும் வயதைக் கடந்தும் முதலாளி வைத்திருக்கிறார் என்பதால் இருக்கிறேன். யாராவது எழுதுவார்கள் என்று இரண்டு வாரம் காத்திருந்தேன். ஆனால் ஒரு காலைப்பொழுதில் அவர் எனக்குச் செய்தது வேறு யாருக்கும் முழுதாகத் தெரியாது. அதை நானேதான் சொல்ல வேண்டும்.

எங்கள் அலுவலகத்துக்கு முதன்முதலாக வந்த அன்று அவர் கணினியைத் தொடவே இல்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தபடி நின்றார். முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "என்னம்மா, சாமி கும்பிட வந்தியா?" என்றார். "தொட்டுட்டா, கேடு அது செஞ்சதா நான் செஞ்சதான்னு தெரியாமப் போயிரும் முதலாளி. முதல்ல பாக்கேன்" என்றார் ஜெசிந்தா. வெகுநேரம் பார்த்த பிறகு பையிலிருந்து பெயிண்ட் அடிக்கும் பிரஷ் ஒன்றை எடுத்து, கீபோர்டின் இடுக்குகளைத் தட்டினார். துறைமுகத்துக் காற்று நம் எல்லோர் மேசைக்கும் கொண்டுவந்து போடும் நிலக்கரித் தூசி, தாளில் சிறு குவியலாகச் சேர்ந்தது. "சேசுவே, இதுல ஒரு வேளை அடுப்பு எரிக்கலாம் போலுக்கே" என்றார்.

அவரிடம் ஒரு நீள நோட்டு இருந்ததைப் பார்த்திருப்பீர்கள். கோளாறை நாம் எப்படிச் சொல்கிறோமோ அப்படியே அதில் எழுதிக்கொள்வார். "கம்ப்யூட்டர் கோவிச்சுக்கிட்டு இருக்கு" என்று ஒருமுறை இசக்கிமுத்து சொன்னதையும் அப்படியே எழுதினார். முறையான சொற்களில் மாற்றி எழுதலாமே என்று தயங்கியபடி நான் கேட்டேன். "வலிக்கிறவன் சொல்லுத சொல்லை மாத்தக் கூடாது அண்ணாச்சி. கோவிச்சுக்கிட்டு இருக்குன்னா உசிரோட இருக்கு, பதில் சொல்ல மாட்டேங்குதுன்னு அர்த்தம். இதைவிடச் சரியா நீங்க எப்படிச் சொல்லுவீக?" என்றார். நான் அன்று மாலை வரை யோசித்தேன். இதைவிடச் சரியான வாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை.

அந்தக் காலைப்பொழுதுக்கு வருகிறேன். அலுவலகத்தை நாள்தோறும் திறப்பவன் நான்தான். மற்றவர்கள் ஒன்பது மணிக்கு வருவார்கள். நான் எட்டுக்கு முன்பே வந்துவிடுவேன். அன்று கணினியை இயக்கியதும் திரையின் நடுவில் ஒரு கேள்வி தோன்றியது. அலுவலக மென்பொருளின் புதிய பதிப்பு தயாராக இருக்கிறது, இப்போதே மாற்றவா என்றது. மூன்று முறை வாசித்தேன். சாத்தான்குளம் பக்கத்து மிஷன் பள்ளியில் படித்தவன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட எனக்கு வராது. 'ஆம்' என்பதை அமுக்கினேன். பிறகு, பழைய அமைப்புகளை வைத்துக்கொள்ளவா, எல்லாவற்றையும் புதிதாக அமைக்கவா என்றது. 'புதிதாக' என்பது ஏற்கெனவே நீல நிறத்தில் குறிக்கப்பட்டிருந்தது. குறித்து வைத்திருக்கிறார்கள் என்றால் அதுதான் சரியான விடையாக இருக்கும் என்று அதை அமுக்கினேன். கடைசியாக, பழையவற்றை அழித்துவிடவா என்றது. அங்கே மட்டும் பயம் வந்து 'வேண்டாம்' என்றேன்.

எல்லாம் இணையத்துக்குப் போய்விட்ட பிறகும், எங்கள் வாடிக்கையாளர் ஒருவருக்கு ஒரு சான்றிதழ் மட்டும் அச்சடித்த படிவத்தில்தான் போக வேண்டும். வழக்கத்தைவிட நீளமான தாள், முழுவதும் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எழுத்து பிசகாமல் விழும்படி நான் பல வருடங்களாக மில்லிமீட்டர் பார்த்துச் சரிசெய்து வைத்த கோப்பு அது. அன்று ஒரு கன்டெய்னர் நிறைய, மருந்துக்குப் போகும் நிலாவாரை இலை கப்பலேற இருந்தது. மாலை மூன்று மணிக்குள் சான்றிதழ் கையெழுத்தாகிப் போய்ச் சேராவிட்டால் அந்தக் கப்பலில் இடமில்லை. ஒரு படிவத்தை அச்சிட்டேன். எழுத்தெல்லாம் சுருங்கி மேலே ஏறி, அனுப்புபவரின் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் சரக்கின் எடை உட்கார்ந்திருந்தது. இன்னொன்றை அச்சிட்டேன். அதுவும் அப்படியே. கையிலிருந்த ஆறு படிவங்களில் இரண்டு போய்விட்டன. கையால் எழுதினால் ஏற்கமாட்டார்கள். தட்டச்சு இயந்திரம் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது.

முதலாளி வந்தார். "கடைசியா எவன் இதுல கை வச்சது?" என்றார்.

முந்தின மாலை பிரிண்டரில் டோனர் மாற்றியவர் இசக்கிமுத்து. துறைமுகத்துக்கும் அலுவலகத்துக்கும் காகிதங்களைக் கொண்டுபோய் வருவது அவர் வேலை. நாற்பது வயதிருக்கும், பக்கத்தில் இருக்கும் புதுக்கோட்டை ஊரிலிருந்து வருகிறார், படிக்கிற பெண்பிள்ளைகள் இருவர்.

"டோனர் நாந்தான் மாத்தினேன் முதலாளி. ஆனா..."

"ஒரு ஆனாவும் வேண்டாம். போன வாட்டி பிரிண்டரை நோண்டுனதும் நீதாம்லே. இந்த கன்டெய்னர் மட்டும் நின்னுச்சு, நாளைலருந்து நீ வீட்லயே இருந்துக்கோ."

இசக்கிமுத்து என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, நீங்களாவது சொல்லுங்க. டோனர் மாத்திட்டு ஒண்ணு அடிச்சுப் பாத்தோம்லா, நல்லாத்தான வந்துச்சு?"

"பார்ப்போம்" என்றேன். எந்த வயதிலும் வேலை போகும் பயம் ஒன்றுதான் என்று இதற்குச் சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது சமாதானம் ஆகவில்லை.

ஜெசிந்தா வந்ததும் எல்லோரும் பிரிண்டரைக் காட்டினார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் அதைக் கழற்றிப் பார்த்துவிட்டு, கணினியின் முன் வந்து உட்கார்ந்தார். திரையின் மேல்வரிசைப் பொத்தான்கள் இடம் மாறியிருந்ததைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. "பிரிண்டர் மேல தப்பில்ல முதலாளி. இங்க புதுசு ஏறியிருக்கு, பழைய தாள் அளவெல்லாம் போயிட்டு. முழுக்க அழிச்சுட்டு முதல்லருந்து போடணும். சாய்ங்காலம் ஆயிரும்" என்றார். "அதையும் நீதான் ஏத்துனியாலே?" என்று இசக்கிமுத்துவைக் கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல், கப்பல் முகவரிடம் நேரம் கேட்க முதலாளி தம் அறைக்குப் போனார். இசக்கிமுத்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

நானும் ஜெசிந்தாவும்தான் இருந்தோம். என் மேசையில் அலுவலகத்தின் சாவிக்கொத்து கிடந்தது. அவர் கண் ஒரு கணம் அதன்மேல் இருந்தது. பிறகு திரைக்குப் போய்விட்டது.

"தானா மாறியிருந்தா அளவெல்லாம் அப்படியே இருந்திருக்கும் அண்ணாச்சி. இது ஏதோ கேட்டிருக்கு, யாரோ பதில் சொல்லியிருக்காக" என்றார். "எங்க அப்பா வேம்பார்ல போட் எஞ்சின் பாக்கிறவரு. நடுக்கடல்ல எஞ்சின் நின்னுட்டுன்னா, யாரு நிப்பாட்டினதுன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாக. என்ன செஞ்சப்போ நின்னுச்சுன்னுதான் கேப்பாக. யாருங்கிறதைக் கரைக்கு வந்தப்புறம் கேட்டுக்கிடலாம். எனக்கு என்னத்தை அமுக்கினாகன்னு தெரிஞ்சாப் போதும்."

அப்போதும் எனக்கு வாய் திறக்கவில்லை. ஒரு சீட்டை எடுத்து எழுதினேன். எத்தனை மணிக்கு என்ன கேட்டது, என்ன பதில் சொல்லப்பட்டது என்று நான்கு வரி. பெயர் எழுதவில்லை. கீபோர்டின் ஓரத்தில் அதைச் செருகிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது அவர் விரல் நான்காவது வரியில் இருந்தது.

"அழிக்கவான்னு கேட்டதுக்கு வேண்டாம்னு சொல்லியிருக்கு. அப்போ பழசு உள்ளதான் கெடக்கு. நான் இப்போ அதைத்தான் அழிக்க இருந்தேன் அண்ணாச்சி" என்றார். அவர் குரல் தாழ்ந்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

பிறகு பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பழைய அமைப்புகளைத் தேடி எடுத்துத் திரும்பப் பொருத்தினார். வெள்ளைத் தாளில் அச்சிட்டு, படிவத்தின்மேல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதன்பிறகே மூன்றாவது படிவத்தை உள்ளே விட்டார். ஒவ்வொரு சொல்லும் தன் கட்டத்தில் வந்து உட்கார்ந்தது.

முதலாளி வெளியே வந்து படிவத்தை வாங்கிப் பார்த்தார். "சாய்ங்காலம் ஆகும்னியே, எப்படிம்மா?"

"காலைல நடந்ததை ஒருத்தர் வரிசையா எழுதிக் குடுத்தாக. அதான்."

"யாரு?"

ஜெசிந்தா நீலப் பையின் ஜிப்பை மெதுவாக இழுத்து மூடினார். பையைப் பார்த்தபடியே, "கரைக்கு வந்தாச்சு அண்ணாச்சி" என்றார்.

நான் எழுந்து நின்றேன். "நான்தான் அமுக்கினேன். காலையில் வந்ததும். இசக்கிமுத்துவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை" என்றேன்.

"நீரா?" என்றார் முதலாளி. "லைட் சுவிட்சு போடவே ரெண்டு வாட்டி யோசிக்கிற ஆளுல்லாவே நீரு. ஏன் இம்புட்டு நேரம் வாயத் தொறக்கல?"

"பயம்" என்றேன்.

அவர் படிவத்தை உறையில் போட்டு இசக்கிமுத்துவிடம் நீட்டி, "கெளம்புப்பா. வெயிலா இருக்கு, பாத்துப் போ" என்றார். அவர் 'லே' என்று சொல்லாததை நாங்கள் மூவரும் கவனித்தோம். இசக்கிமுத்து போகிற போக்கில் என் மேசையைத் தட்டினார். "சாய்ங்காலம் பரோட்டா வாங்கித் தாரீக அண்ணாச்சி. ரெண்டு செட்டு." சான்றிதழ் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கன்டெய்னரும் ஏறியது.

ஜெசிந்தா என்னைக் காப்பாற்றினார் என்று நான் சொன்னால் அது தவறாகிவிடும். பல மாதம் கழித்து, நான் அன்று பேசாமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று அவரிடம் கேட்டேன். "நான் சொல்லியிருப்பேன் அண்ணாச்சி. இசக்கி வேலை போயிருமே" என்றார், யோசிக்காமலே. அவர் எனக்குக் கொடுத்தது கொஞ்சம் நேரம் மட்டும்தான். அதற்குமுன் யாரும் எனக்கு அதைக் கொடுத்ததாக நினைவில்லை.

கடைசியாக வந்த மாதங்களில் தலையில் துணி கட்டிக்கொண்டு வந்தார். சிகிச்சை என்று எல்லோருக்கும் தெரியும். நான் வழக்கம்போலக் கோளாறுத் தாளை மட்டும் நீட்டினேன். "கேக்கணும்னா கேளுங்க அண்ணாச்சி" என்றார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "எனக்கும் அப்டேட் ஓடிக்கிட்டு இருக்கு. நடுவுல ஆஃப் பண்ணக் கூடாதாம்" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்து, "சிரிக்கலாம், தப்பில்ல" என்றார். பிறகு அவர் வரவில்லை. வேம்பாருக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று இரண்டு முறை பஸ் நிலையம் வரை போனேன். உறவும் இல்லாமல், ஒரே திருச்சபையும் இல்லாமல், ஒரு கிழவன் போய் நின்று என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். பஸ் போய்விட்டது. இரண்டு முறையும் போய்விட்டது.

மூன்றாம் முறை, அடக்கத்துக்குத்தான் போனேன். அவர் கணவரிடம் பெயரைச் சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டார். "சீட்டு எழுதுன அண்ணாச்சியா? அதை நோட்டுல ஒட்டி வச்சிருந்தா. போற எடத்துலல்லாம் காட்டுவா, கோளாறுன்னா இப்படிச் சொல்லணும்னு. பேரு இல்லையேன்னு யாராவது கேட்டா, அதை அவரு வாயால சொல்லிட்டாருன்னு சொல்லுவா." என் வெட்கம் என்று நான் நினைத்திருந்த காகிதம், உங்களில் சிலர் மேசைக்கும் வந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அது என்னுடையதுதான்.

சென்ற வாரம் அதே கேள்வி மறுபடியும் திரையில் வந்தது. மூன்று முறை வாசித்தேன். இந்தத் தடவை மற்றவர்கள் வரும்வரை காத்திருந்தேன். பிறகு நாற்காலியைத் திருப்பி, "இசக்கி, புதுசுக்கு ஆமான்னு அமுக்கப் போறேன்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "அமுக்குங்க அண்ணாச்சி, நாங்க இங்கனதான இருக்கோம்" என்றார். பழைய அமைப்புகளை வைத்துக்கொள்ளச் சொல்லித்தான் அமுக்கினேன். அப்படியும் எழுத்து ஒரு வரி கீழே இறங்கி விழுந்தது.

'ஜெசிந்தா வரும்போது' தாளை எடுத்தேன். அந்தத் தலைப்பை அடிக்க மனம் வரவில்லை. மூன்றுக்குக் கீழே நான்கு என்று போட்டு, மணி, கேட்ட கேள்வி, சொன்ன பதில் என்று வரிசையாக எழுதினேன். யார் வந்து பார்ப்பார்கள் என்று தெரியாது. யார் வந்தாலும் அவர்களுக்கு உதவும். அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்த நான்காம் குறிப்புக்கு என் பெயரோடு நான் எழுதிய முதல் வரி: அமுக்கியவர் ஞானமுத்து.