மார்செய்யில் ஏழு நாள் உள்ளூர்வாசிகள்

பயணம் நன்றாக அமைந்தால் போன ஊருக்குப் பெயர். கெட்டுப்போனால் விமான ரிக்கற் போட்டுக்கொடுத்தவளுக்குப் பெயர். பயண முகவர் நிலையத்தில் வேலை செய்து நொந்த யாருக்கும் இதை நான் விளக்கத் தேவையில்லை. மொன்றியலில் எங்கள் கடைக்கு வருகிற தமிழர்களை இத்தனை காலமும் மூன்று காரணங்களுக்காகத்தான் விமானம் ஏற்றினேன்: கலியாணம், பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு, செத்தவீடு. முதலாளிக்கு அது போதவில்லை. பிரான்சின் தெற்கே மத்தியதரைக் கடலோரத்தில் இருக்கும் மார்செய் நகரத்தை "உள்ளூர்வாசி போல" சுற்றிப் பார்க்க ஏழு நாள் திட்டம் ஒன்றைப் போட்டார். பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். பிரெஞ்சு தெரியும் என்ற குற்றத்துக்காக என்னையும் கூட அனுப்பிவிட்டார்.

அங்கே யார் இருக்கிறார்கள்?

முதலில் வந்தவர்கள் மொன்றியலின் லாசால் பகுதியில் இருக்கும் சிவபாலன் அண்ணையும் அவருடைய மனைவி பரமேஸ் அக்காவும். அண்ணை முப்பது வருடம் தொழிற்சாலை வேலை பார்த்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். பிள்ளைகள் சேர்ந்து இந்தப் பயணத்தைப் பரிசாகக் கொடுத்திருந்தார்கள். அவர் விளம்பரத் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"பிள்ளை, மார்செய்யில எங்கட ஆக்கள் ஆர் இருக்கினம்?"

"உங்களுக்குத் தெரிஞ்ச ஒருதரும் இல்லை அண்ணை."

"அப்ப என்னத்துக்குப் போறது?"

பரமேஸ் அக்கா கைப்பையிலிருந்து இரண்டு கடவுச்சீட்டுகளையும் எடுத்து என் மேசையில் வைத்தார். "ஒருதரும் இல்லையெண்டபடியால்தான் போறம். நீங்கள் பதியுங்கோ பிள்ளை."

ஐந்தாம் மாடி

உள்ளூர்வாசி ஹோட்டலில் தங்கமாட்டான் என்பது முதலாளியின் கொள்கை. ஆகவே பழைய நகரத்தில், துறைமுகத்துக்கு மேலே, ஒடுங்கிய தெருவில் ஒரு கட்டடத்தின் ஐந்தாம் மாடி முழுவதும் எங்களுக்கு. லிஃப்ட் கிடையாது. பெட்டிகளுக்குள் அரிசியும் மிளகாய்த்தூளும் இருந்தது எனக்கு முன்னமே தெரிந்திருந்தால் இந்த வேலையையே விட்டிருப்பேன்.

குழுவில் கார்த்திக் என்று ஒரு சென்னைப் பையன். மொன்றியலில் கம்ப்யூட்டர் வேலை. எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்க்காரன் போகிற இடத்துக்குத்தான் போவேன் என்பான். "லிஃப்ட் இருந்தா ஃபீலே வராது மேடம். இங்க இருக்கிறவங்க இப்படித்தான் வாழ்றாங்க" என்று மூச்சு வாங்காமல் ஏறினான். மூன்றாம் மாடியில் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்ட சிவபாலன் அண்ணை அவனைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

கட்டடத்தில் எல்லாக் கதவுகளிலும், நாள் வாடகைக்கு வரும் பயணிகளுக்குச் சாவியை வைக்கும் எண் பூட்டுப் பெட்டி தொங்கியது. கீழே ரொட்டி விற்கும் அம்மாவிடம், இங்கே குடியிருப்பவர்கள் எங்கே, ஒருவரையும் காணவில்லையே என்று கேட்டேன். அவர் ரொட்டியைத் தாளில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "அவர்களா? லிஃப்ட் இருக்கிற வீடு பார்த்து எப்போதோ போய்விட்டார்கள்."

எது பிரெஞ்சு?

இரண்டாம் நாள் காலை, சுற்றுலாப் பயணிகளே வராத கோப்பிக்கடை என்று கார்த்திக் கண்டுபிடித்த இடத்துக்குப் போனோம். அங்கே எங்களுக்கு முன்னால் இரண்டு பேருந்து நிறையச் சனம். சிவபாலன் அண்ணை எல்லாருக்கும் தானே சொல்வதாக முன்வந்தார். எங்கள் கெபெக் மாகாணத்துப் பிரெஞ்சில் தெளிவாக, மரியாதையாக, பதின்மூன்று கோப்பி கேட்டார். பரிமாறுகிறவன் புருவத்தைத் தூக்கிவிட்டு ஆங்கிலத்தில் பதில் சொன்னான். அண்ணை திரும்பவும் பிரெஞ்சில் கேட்டார். அவன் திரும்பவும் ஆங்கிலத்தில்.

அவருக்கு முகம் சுருங்கிப்போனது. வேலை முடிந்து, கண் சொருகச் சொருக மாலை வகுப்பில் இருந்து படித்த பாஷை அது. கோப்பியைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "பிரெஞ்சு படி, பிரெஞ்சு படி எண்டு அங்க கலைச்சாங்கள். படிச்சுக்கொண்டு வந்தால் இது பிரெஞ்சே இல்லையெண்டு இவன் சொல்லுறான். நான் இவ்வளவு காலமும் கதைச்சது என்ன பாஷை பிள்ளை?"

மண்ணின் மகள்

மூன்றாம் நாள் "இந்த மண்ணில் பிறந்த வழிகாட்டி" என்று திட்டத்தில் இருந்தது. மஞ்சள் குடையோடு ஒரு இளம்பெண் வந்தாள். மீனவர்களின் சந்தை, கடற்கொள்ளையர், வெய்யிலில் காயும் துணி, எல்லாவற்றையும் "எங்கள் மார்செய்" என்றே சொன்னாள். அதிசயமாக, சிவபாலன் அண்ணை முன்வரிசைக்கு வந்து ஒவ்வொரு வசனத்துக்கும் தலையாட்டினார். ஒரு சொல்லும் தப்பாமல் விளங்குகிறதாம். எனக்கும் அப்படித்தான் விளங்கியது. அதனால்தான் சந்தேகம் வந்தது.

சுற்றி முடிந்ததும் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். வந்து எட்டு மாதமாம். சொந்த இடம் லொங்குய், மொன்றியலில் எங்கள் ஆற்றுக்கு அக்கரை. யாரிடமும் சொல்லவேண்டாம் என்று என் கையைப் பிடித்தாள். பின்னால் நின்ற சிவபாலன் அண்ணை கேட்டுவிட்டார். கோபப்படுவார் என்று பயந்தேன். அவர் முகம் மலர்ந்தது: "ஓம், அதுதானே பார்த்தன். இந்த ஊரிலயே ஒழுங்காப் பிரெஞ்சு கதைக்கிறது இந்தப் பிள்ளை ஒண்டுதான்."

பன்னிரண்டில் ஒன்று குறைவு

ஐந்தாம் நாள், மலை உச்சியில் இருக்கும் மாதா கோவில் வாசலில் எண்ணிப் பார்த்தேன். பதினொன்று. திரும்ப எண்ணினேன். பரமேஸ் அக்கா இல்லை. துறைமுகத்தில் பஸ் ஏறும்போது பின்தங்கியிருக்கவேண்டும். அவருடைய கைத்தொலைபேசி ஐந்தாம் மாடியில் சார்ஜில் கிடந்தது. சிவபாலன் அண்ணை படிக்கட்டில் இருந்துவிட்டார். "அவளுக்குப் பாஷை தெரியாது பிள்ளை. எல்லா இடத்திலயும் நான்தானே கதைக்கிறனான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கார்த்திக்கை அவருக்குப் பக்கத்தில் இருத்திவிட்டுக் கீழே ஓடினேன்.

மீன் விற்கும் பலகைகள், படகுத் துறை, சந்தைக்குப் போகும் தெரு. இரண்டு மணித்தியாலம். பொலிசுக்குப் போக முடிவெடுத்தபோது துறைமுகச் சுவரில் அவரைக் கண்டேன். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டபடி, பக்கத்தில் இருந்த ஒரு மீன்காரியோடு பிரெஞ்சில் கதைத்துக்கொண்டிருந்தார். மீன்காரி பிரெஞ்சிலேயே பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். பரமேஸ் அக்கா பத்தொன்பது வருடம் மொன்றியலில் ஒரு கார்டெரியின், அதாவது குழந்தைகள் காப்பகத்தின், சமையலறையில் வேலை செய்து, குழந்தைகளோடு பேசிப் பேசி வந்த பிரெஞ்சு அது. எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. தொலைந்துபோனீர்களோ என்று பயந்துவிட்டோம் என்றேன். அவர் கோனின் அடியைக் கடித்துவிட்டுச் சொன்னார்: "நான் தொலையேல்லை பிள்ளை. கொஞ்ச நேரம் ஒருதருக்கும் ஒண்டும் செய்யாமல் இருந்து பார்த்தனான்."

ஒரு முறைப்பாடு

மொன்றியல் திரும்பி ஒரு மாதத்தில் கடைக்குத் தொலைபேசி. பரமேஸ் அக்காவின் மகள். அம்மா சனிக்கிழமைகளில் தனியாகப் பஸ் பிடித்து, மொன்றியல் தீவின் மேற்கு நுனியில் இருக்கும் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ வரை போய், கால்வாய்க் கரையில் இருந்துவிட்டு வருகிறாராம். ஏன் என்று கேட்டால் "சும்மா" என்கிறாராம். நீங்கள் அங்கே அம்மாவுக்கு என்ன செய்தீர்கள் என்று என்னைக் கேட்டாள். அப்பா என்ன சொல்கிறார் என்று நான் கேட்டேன். அவள் சொன்னாள்: "தானும் வரட்டோ எண்டு அப்பா கேட்டவர். யோசிச்சுச் சொல்லுறன் எண்டு அம்மா சொல்லிட்டா."

முதலாளி கேட்ட அறிக்கையில் "பன்னிரண்டு பேரும் உள்ளூர்வாசிகளைத் தேடினார்கள், ஒருவர் மட்டும் உள்ளூர்வாசியாகவே இருந்துவிட்டு வந்தார்" என்று எழுதி, அதையே விளம்பரமாக்கி அடுத்த குழுவுக்கும் என்னையே அனுப்பிவிடுவார் என்ற பயத்தில் அந்த வரியை அழித்துவிட்டேன்.